பதினோரு விநாடித் தேடல்

லிஃப்ட்காரர் எதையும் லேசில் நம்புகிறவர் அல்ல. பால் பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று அச்சிட்டிருந்தால், வீட்டுக்கு வந்து அளவுக் குவளையில் ஊற்றிப் பார்ப்பார். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், அந்தக் கருவியைக் கடைசியாக யார் சரிபார்த்தார்கள் என்று கேட்பார். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறவருக்கு இந்தக் குணம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ‘எட்டுப் பேர் ஏறலாம்’ என்ற பலகையை நம்பி எட்டுப் பேர் ஏறுகிறார்கள். பலகையை நம்பாமல் மாதாமாதம் கயிற்றைத் தடவிப் பார்க்க ஓர் ஆள் இருப்பதால்தான் அந்த எட்டுப் பேரும் இறங்கி வீட்டுக்குப் போகிறார்கள்.

அப்படிப்பட்டவர் இந்த உலகத்தில் கேள்வி கேட்காமல் நம்பிய ஒரே ஒரு பொருள், அவருடைய கணினித் திரையின் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப் பச்சை பர்ஸ்.

அதன் பெயர் சேமிப்புத் தோழன். இணையத்தில் உலவ உதவும் மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு கூடவே வருகிற இந்த மாதிரிச் சின்ன மென்பொருளை எக்ஸ்டென்ஷன் என்பார்கள். அது வேலை செய்யும் விதம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஏதாவது ஓர் இணையக் கடையில் பொருளை எடுத்து, முகவரி தட்டி, பணம் கட்டும் பக்கத்துக்கு வந்ததும் பர்ஸ் வாயைத் திறக்கும். ‘பொறுங்கள்! உங்களுக்காகக் கூப்பன் தேடுகிறேன்!’ என்று ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நிரம்பும். சில்லறை குலுங்கும் சத்தம் கேட்கும். முடிவில் ‘1,412 கூப்பன்களைத் தேடிவிட்டேன்’ என்று சொல்லும். சில சமயம் ஏதோ கொஞ்சம் குறையும். பெரும்பாலும் ‘இதைவிட நல்ல விலை கிடையாது, நிம்மதியாக வாங்குங்கள்’ என்று தட்டிக்கொடுக்கும்.

லிஃப்ட்காரர் ஒருநாள் பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தை வைத்து நேரம் பார்த்தார். பதினோரு விநாடி. திருகாணி வாங்கினாலும் பதினோரு விநாடி, போர்வை வாங்கினாலும் பதினோரு விநாடி. “ஒரே சீரா ஓடுது பாரு. நல்ல மெஷின்” என்று மனைவியிடம் பாராட்டிச் சொன்னார். அங்கேயே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பர்ஸின் அடியில் ஓர் எண் இருக்கும். ‘இதுவரை நீங்கள் சேமித்தது: 38,412.’ அந்த எண்ணை அவர் விருந்தாளிகளுக்குக் காட்டுவார்.

“ஏங்க, முப்பத்தெட்டாயிரம் சேமிச்சிருக்கோம்னா அது எங்க இருக்கு?” என்று கேட்டார் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவி.

“செலவாகாம இருக்கு.”

“செலவாகாம எங்க இருக்கு? பீரோவுல இல்ல. பேங்க்ல இல்ல. ஆறு டிரில்லிங் பிட் செட் இருக்கு, ஒண்ணுகூடப் பிரிக்கல. அதுலயா இருக்கு?”

“அது தள்ளுபடியில வந்தது.”

“வாங்காம இருந்திருந்தா முழுசாத் தள்ளுபடி ஆகியிருக்குமே” என்று சொல்லிவிட்டு மனைவி மருந்துக் கடைக்குக் கிளம்பிப் போனார்.

*

லிஃப்ட்காரரின் தங்கை ஷூ தைப்பவள். சாதாரண ஷூ அல்ல. பிறவியிலோ, ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, இரண்டு பாதமும் ஒரே அளவில் இல்லாதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கடையிலோ ஷூவை ஜோடியாகத்தான் விற்பார்கள். இடது கால் ஆறு, வலது கால் நான்கு என்றால், ஆறாம் அளவில் ஒரு ஜோடி, நான்காம் அளவில் ஒரு ஜோடி வாங்கி, இரண்டிலும் ஒவ்வொன்றைத் தூக்கிப் போட வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர்கள் பெரிய ஷூவில் பஞ்சை அடைத்துக்கொண்டு நடப்பார்கள். தங்கையின் இணையக் கடையில் இடது காலுக்குத் தனி அளவு, வலது காலுக்குத் தனி அளவு தேர்ந்தெடுக்கலாம்.

கடை ஓடியது என்னவோ ஒரே அளவுப் பாதக்காரர்களால்தான். தையல் நன்றாக இருந்ததால் அவர்களும் முழு விலை கொடுத்து வாங்கினார்கள். அந்தத் தெம்பில் மருத்துவமனை அனுப்பிய நாற்பது குடும்பங்களுக்கு அவள் அரை விலைக்குக் கொடுத்தாள். வளரும் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஷூ மாற்ற வேண்டுமே. அவர்களுக்கு ஒரு சின்ன அட்டையில் கூப்பன் கோடு ஒன்றை, அதாவது ஒரு ரகசியச் சொல்லை, அச்சிட்டுக் கொடுத்திருந்தாள். பணம் கட்டும் பக்கத்தில் இருக்கிற குட்டிப் பெட்டியில் அதைத் தட்டினால் விலை பாதியாகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று ஆர்டர் வந்தது. வியாழக்கிழமை நூற்று இருபத்தாறு. எல்லாமே அரை விலை. எல்லாருக்கும் இரண்டு காலும் ஒரே அளவு.

“நாற்பது குடும்பத்துல நூத்தி இருபத்தாறு ஜோடிக் கால் எங்கேர்ந்துண்ணா வந்துச்சு?” என்று தங்கை போனில் கேட்டாள்.

“யாரோ கோடை வெளிய சொல்லியிருக்காங்க. மனுஷங்களை நம்பக் கூடாது” என்றார் லிஃப்ட்காரர்.

முதல் கோடு ‘இருபாதம்’. அதை மாற்றி ‘கதவைச்சாத்து’ என்று வைத்தாள். இரண்டு நாளில் அதுவும் ஊர் முழுக்கத் தெரிந்தது. மூன்றாவதாக, வெறுத்துப் போய், ‘யாருக்கும்சொல்லாதே’ என்றே வைத்தாள். மூன்றாம் நாள் முன்பின் தெரியாத பலருடைய திரைகளில் பச்சை பர்ஸ் வாயைத் திறந்து, ‘வாழ்த்துகள்! “யாருக்கும்சொல்லாதே” உங்களுக்குப் பொருந்தியது! நண்பர்களுக்கும் சொல்லுங்கள்!’ என்று கூவியது.

முதல் கோடு தொடங்கி, ஒவ்வொரு முறை கோடு வைக்கும்போதும் தங்கை ஒரே ஒரு காரியம் தவறாமல் செய்வாள். “அண்ணா, புதுசு போட்டிருக்கேன். வேலை செய்யுதான்னு ஒரு தடவை தட்டிப் பாரு.” அண்ணன் தட்டிப் பார்ப்பார். விலை பாதியானதும் பணம் கட்டாமல் வெளியே வந்துவிடுவார். “நல்லா வேலை செய்யுதும்மா” என்பார். மூலையில் பர்ஸ் இருக்கும்.

நாலாவது கோடை வைத்த நான்காம் நாள் தங்கை நேரில் வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

“அண்ணா, நாலாவது கோடை நான் அச்சடிக்கவே இல்ல. அந்த நாற்பது பேர்ல ஒருத்தருக்கும் தரல.”

“நல்லதாப் போச்சு.”

“அதுலயும் எண்பத்து நாலு ஆர்டர் வந்திருக்கு.”

“எப்படி?”

“அதான் நானும் கேக்கறேன். அந்தக் கோடை உனக்கு மட்டும்தாண்ணா சொன்னேன்.”

பால் பாக்கெட்டைச் சந்தேகப்பட்டவர், மருத்துவரைச் சந்தேகப்பட்டவர், முதன்முதலாகத் தன்னைச் சந்தேகப்படுகிற ஒரு பார்வையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளேயிருந்து ஒரு தடித்த உறையோடு வந்தார்.

“காலையில வந்துச்சு. தங்க எழுத்துல உங்க பேரு போட்டிருக்கு.”

தங்கை வாங்கி உரக்கப் படித்தாள். “‘பேரன்புடையீர், சேமிப்புத் தோழன் தலைமையகம் தங்களை வணங்குகிறது. உலகம் அறியாதிருந்த நான்கு அரிய கூப்பன்களைத் தன்னலம் கருதாது எங்கள் பொதுக் களஞ்சியத்துக்கு நல்கிய தங்கள் பெருந்தன்மையைப் போற்றி, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கொடைச்சுடர் விருது வழங்க விழைகிறோம்...’”

அவள் கடிதத்தைத் தாழ்த்தினாள். “உனக்கு அவார்டாண்ணா?”

“நான் எதையும் நல்கலம்மா! பெட்டியில தட்டினேன், அவ்வளவுதான்!”

“அதைத்தான் இது பாத்துக்கிட்டு இருந்திருக்கு” என்று பர்ஸைக் காட்டினார் மனைவி.

“இப்பவே எடுத்துடறேன்.”

“நீ எடுத்தாப் போதுமா? அந்த நாற்பது வீட்ல யார் யார் வீட்ல இது உக்காந்திருக்கோ. புதுக் கோடு கொடுத்தா மறுபடியும் இதே கதைதான்” என்றாள் தங்கை. “வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தோல் கொடுக்கறவர்கிட்ட எவ்வளவு வேணும்னு சொல்லணும். அதுக்குள்ள இது நிக்கலைன்னா அரை விலையையே எடுத்துடறேன். எனக்கு வேற வழி தெரியல.”

“அந்தப் பிள்ளைங்க?”

“பஞ்சு வச்சுக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். அப்படிச் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் அவள் இந்தத் தொழிலையே ஆரம்பித்திருந்தாள்.

“நான் நேர்ல போய் நிறுத்திட்டு வரேன்” என்றார் லிஃப்ட்காரர்.

*

தலைமையகம் பன்னிரண்டு மாடி. வாசல் காவலர் திரையில் எதையோ தட்டிவிட்டு, “கொஞ்சம் இருங்க சார், உங்க நுழைவுச் சீட்டுக்குத் தள்ளுபடி இருக்கான்னு தேடறேன்” என்றார். பச்சைக் கோடு நிரம்பியது. லிஃப்ட்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு விநாடி.

“தேடியாச்சு சார். சீட்டு விலை இருநூறு. உங்களுக்கு இலவசம்.”

“மத்தவங்களுக்கு?”

“எல்லாருக்கும் இலவசம்தான் சார். ஆனா விலை இருநூறு.”

சீட்டை நீட்டிய கையோடு, இருநூறு அவருடைய சேமிப்பில் ஏறிவிட்டது என்றும் சொல்லி வாழ்த்தினார். 38,612.

மேலே போக லிஃப்டில் ஏறினார். உள்ளே கதவு மூடும் பொத்தானை ஒருவர் குத்துகுத்தென்று குத்திக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரருக்கு அந்தப் பொத்தானைப் பற்றி நன்றாகத் தெரியும். அவர் பார்த்துக்கொள்ளும் கட்டடங்களில் பாதியில் அதற்குப் பின்னால் கம்பியே கிடையாது. அமுக்கினால் விளக்கு எரியும், அவ்வளவுதான். கதவு தனக்கு வைத்த நேரத்தில்தான் மூடும். ஆனால் அமுக்கியவர் தன்னால்தான் மூடியது என்று திருப்தியாக இருப்பார். விளக்கை மட்டும் எடுத்துவிட்டால் புகார் வரும். அந்த விளக்குகளில் நாற்பது ஐம்பதை அவரே மாட்டியிருக்கிறார். இன்று என்னவோ அந்த விளக்கைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டார்.

நான்காம் மாடியில் ஒரு கதவில் ‘மறதித் துறை’ என்று எழுதியிருந்தது. களஞ்சியத்தில் ஏறிய கூப்பனை நீக்க அங்கேதான் மனுக் கொடுக்க வேண்டுமாம். அதிகாரி எழுந்து வந்து வரவேற்றார். நடுவயதுப் பெண்மணி. இடது ஷூ தரையில் டக்கென்று விழுந்தது, வலது ஷூ சற்று இழுபட்டது. வலது குதிகாலின் ஓரத்தில் கொஞ்சம் பஞ்சு எட்டிப் பார்த்தது. ஷூ தைப்பவளின் அண்ணனுக்கு இதெல்லாம் தானாகவே கண்ணில் படும்.

அவர் விஷயத்தைச் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

“தெரிஞ்சதை மறக்க எங்களால முடியாது சார். அது பொதுமக்கள் சொத்து.”

“அது என் தங்கச்சி சொத்தும்மா.”

“நீங்க தட்டினதும் பொதுச் சொத்து ஆயிடுச்சு. ஆனா ஒரு வழி இருக்கு. உங்க தங்கச்சி எங்களோட பங்காளிக் கடையா சேர்ந்துட்டா மறந்துடுவோம்.”

“இப்பத்தானே முடியாதுன்னீங்க?”

“பங்காளிக்காக மறப்போம். பங்காளிக் கடை என்ன காட்டச் சொல்லுதோ அதைத்தான் காட்டுவோம். அஞ்சு சதவீதம் காட்டுங்கன்னு சொன்னா, உலகம் முழுக்கத் தேடி அஞ்சு சதவீதம் கண்டுபிடிப்போம்.”

“முப்பது சதவீதக் கூப்பன் ஒண்ணு வெளியில இருந்தா?”

“கண்டுபிடிக்க மாட்டோம்.”

“உங்களுக்குத் தெரியும், ஆனா கண்டுபிடிக்க மாட்டீங்க?”

“தெரியறது ஒரு துறை சார், கண்டுபிடிக்கறது வேற துறை. ரெண்டும் வேற வேற மாடி.”

லிஃப்ட்காரர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். “போன மாசம் நான் டிரில்லிங் மெஷின் வாங்கினேன். இதைவிட நல்ல விலை கிடையாதுன்னு உங்க பர்ஸ் சொல்லுச்சு.”

அதிகாரி கடையின் பெயரைக் கேட்டுத் திரையில் பார்த்தார். “பங்காளிக் கடைதான். ரொம்ப நல்ல பங்காளி” என்றார்.

“அப்ப அந்த முப்பத்தெட்டாயிரம்?”

“அது மதிப்பீட்டுத் துறை சார். ஒவ்வொரு பொருளுக்கும் மேல ஒரு விலையை அடிச்சுக் கீழ ஒரு விலை போட்டிருப்பாங்க இல்லையா? ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுவோம்.”

“மேல அடிச்ச விலையை எழுதறது யாரு?”

“கடைதான்.”

“அந்த விலைக்கு யாராவது எப்பவாவது வாங்கியிருக்காங்களா?”

“வாங்கியிருந்தா அதை ஏன் சார் அடிக்கப் போறாங்க?”

பங்காளி ஆவதற்கான ஒப்பந்தத்தை அதிகாரி நீட்டினார். ஒவ்வொரு விற்பனையிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு தோழனுக்கு. லிஃப்ட்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். தங்கை முழு விலைக்காரர்களிடம் மிச்சம் பிடித்து நாற்பது குடும்பத்துக்குக் கொடுப்பது ஏறக்குறைய அதே தொகைதான். கையெழுத்துப் போட்டால் கூப்பன் மறக்கப்படும், அரை விலையும் மறக்கப்படும்.

ஒப்பந்தத்தைத் திருப்பி வைத்தார். அதிகாரி அதை எடுத்துக்கொள்ள எழுந்தபோது வலது ஷூ கழன்றது. குனிந்து சரிசெய்துகொண்டார்.

“என் தங்கச்சி தைக்கிறது என்னன்னு நான் சொல்லலியே” என்றார் லிஃப்ட்காரர். சொன்னார்.

அதிகாரி கதவைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சார், அது அந்தப் பெட்டியில தட்டினதை மட்டும்தான் எடுத்துக்கும். வேற ஒண்ணும் அதுக்குப் புரியாது. இதை நான் உங்களுக்குச் சொல்லல.” உடனே குரலை உயர்த்தி, “விழாவுக்கு நேரமாச்சு. பன்னிரண்டாவது மாடி. வாழ்த்துகள்!” என்றார்.

*

விழா அரங்கில் முந்நூறு பேர் இருந்தார்கள். எல்லார் நெஞ்சிலும் பச்சை பர்ஸ் குத்தியிருந்தது. தலைவர் மேடையேறியதும் எல்லாரும் எழுந்து நின்று பதினோரு விநாடி கண்ணை மூடினார்கள். அது தேடல் வணக்கமாம்.

“நண்பர்களே!” என்று தலைவர் ஆரம்பித்தார். “சிலர் நம்மைக் கேட்கிறார்கள். நீங்கள் யாரிடமும் காசு வாங்குவதில்லையே, பிறகு எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று. நான் ஒளிக்கமாட்டேன். ஒருவர் கடைக்கு நடந்து வருகிறார். தானே பொருளைத் தேர்ந்தெடுக்கிறார். வரிசையில் நிற்கிறார். பணத்தை வெளியே எடுத்துவிட்டார். அந்த நொடியில் நாம் ஓடிப் போய் அவருக்கு முன்னால் நின்று கடைக்காரரிடம் சொல்கிறோம்: ‘இவரை நாங்கள்தான் அழைத்து வந்தோம்.’ கடைக்காரர் நமக்கு அழைப்புக் கூலி கொடுக்கிறார். இதற்குப் பெயர் விருந்தோம்பல்!”

கைதட்டல்.

“இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. ஓர் அம்மையார் மூன்று மாதம் எட்டு ஷூக்களைப் போட்டு நடந்து பார்த்து, எது நல்லது என்று எழுதுகிறார். அதைப் படித்து ஒருவர் வாங்க வருகிறார். கூலி அந்த அம்மையாருக்குத்தானே போக வேண்டும் என்கிறார்கள். நாம் அவரைத் தள்ளிவிடுகிறோமா? இல்லவே இல்லை! அவருக்குப் பின்னால் போய் நிற்கிறோம். கடைசியாக வந்தவருக்கே கூலி என்பது கடைகள் வகுத்த விதி. முந்திக்கொண்டு நிற்பவன் அகம்பாவி. கடைசியில் போய் நிற்பதற்குப் பணிவு வேண்டும். நண்பர்களே, உலகத்திலேயே மிகப் பணிவான நிறுவனம் நம்முடையது!”

முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு விருது. லிஃப்ட்காரரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிச் சுடர் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வாங்கியதுமே எடை பார்த்தார். பிளாஸ்டிக். அடியில் ஒட்டியிருந்த சீட்டில், ‘விலை 5,000. உங்களுக்கு இலவசம். சேமிப்பு உங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டது’ என்றிருந்தது. 43,612.

“இவர் தன் சொந்தத் தங்கையின் கூப்பனையே உலகத்துக்குக் கொடுத்தவர்!” என்றார் தலைவர். “ரத்த பாசத்தைவிடப் பொதுநலம் பெரிது என்று காட்டியவர்!”

“ஐயா, அதை நிறுத்தத்தான் வந்தேன். நாற்பது பிள்ளைங்க...” என்று லிஃப்ட்காரர் ஒலிவாங்கியில் ஆரம்பித்தார்.

“நாற்பது பிள்ளைகளுக்கு மட்டும் கிடைத்ததை நாற்பதாயிரம் பேருக்குக் கொடுத்தார்!” என்று தலைவர் முடித்துவைத்தார். கைதட்டல் அடங்க நேரமானது.

“இப்போது நம் கொடைச்சுடர் தன் திருக்கரத்தால் நேரடித் தேடலைத் தொடங்கிவைப்பார்!”

மேடை நடுவில் மேஜைமேல் ஒரு கணினி இருந்தது. பின்னால் சுவர் அளவுக்குத் திரை. லிஃப்ட்காரர் மேஜைக்குப் போனார். இங்கே அவருடைய தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த இயந்திரத்திலும் கை வைப்பதற்கு முன்னால், முதல் காரியமாக அதன் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். இதை மறந்த இரண்டு சகாக்களின் இறுதி ஊர்வலத்துக்கு அவர் போயிருக்கிறார். அதனால் கை தானாகவே கணினிக்குப் பின்னால் போயிற்று. தடித்த மின் வயர் மேஜைக்குள் புதைந்திருந்தது. கைக்கு அகப்பட்டது இணையத்துக்குப் போகும் நீல வயர். அதைப் பிடுங்கினார். பிறகுதான் பொத்தானை அமுக்கினார்.

பச்சைக் கோடு நிரம்பத் தொடங்கியது. சில்லறை குலுங்கியது. லிஃப்ட்காரர் தன் கையில் இருந்த வயரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பதினோராவது விநாடியில் சுவர் முழுக்க எழுத்துகள் ஒளிர்ந்தன: ‘1,412 கூப்பன்களைத் தேடிவிட்டேன். இதைவிட நல்ல விலை கிடையாது.’

அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

லிஃப்ட்காரர் நீல வயரின் முனையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். “ஐயா, இது இங்க இருக்கு. அப்ப அது எங்க போய்த் தேடுச்சு?”

சத்தம் பிசுபிசுத்து நின்றது. முந்நூறு பேரும் வயரைப் பார்த்தார்கள். லிஃப்டில் பொத்தானைக் குத்தியவர் மூன்றாவது வரிசையில் வாயைப் பிளந்து நின்றார். எல்லாம் முடிந்தது என்று லிஃப்ட்காரர் நினைத்தார். ஒரு நிறுவனம் உண்மையைக் கண்டு எத்தனை விநாடி திகைத்து நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. நான்கு விநாடி.

“பார்த்தீர்களா!” என்று தலைவர் முழங்கினார். “இணைப்பே இல்லாமலும் தேடுகிறான் நம் தோழன்!”

முன்னைவிட இரண்டு மடங்கு கைதட்டல். மூன்றாவது வரிசைக்காரரும் கைதட்டினார்.

*

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. மனைவி பிளாஸ்டிக் சுடரை வாங்கி, காற்றில் அடித்துக்கொள்ளும் சமையலறைக் கதவுக்கு அண்டக் கொடுத்தார். “இதுக்காவது ஆகும். போன காரியம்?”

“அவங்க நிறுத்த மாட்டாங்க. அவங்ககிட்ட நிறுத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல. வெறும் விளக்குதான் எரியுது” என்றார். பிறகு தங்கைக்கு போன் போட்டார். வழியெல்லாம் பேருந்தில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தார். பெட்டியில் தட்டினதை மட்டும்தான் எடுத்துக்கும்.

“ஏம்மா, அந்தக் கூப்பன் பெட்டியை உன் கடையிலேர்ந்து எடுத்துட முடியுமா?”

“எடுக்கலாம். எடுத்துட்டா அரை விலை எப்படிண்ணா கொடுக்கறது?”

“இடது காலும் வலது காலும் வேற வேற அளவா இருந்தா, விலை தானாப் பாதியாகற மாதிரி வைக்க முடியுமா? அட்டை வேணாம், கோடு வேணாம். கால்தான் கோடு. ரெண்டு காலும் ஒண்ணா இருக்கறவன் ஒரு கால் ஆறு, ஒரு கால் நாலுன்னு வாங்கி என்ன பண்ணப் போறான்?”

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது.

“இருண்ணா” என்றாள் தங்கை. “எவனாவது புத்திசாலி ஆறு நாலுல ஒண்ணு, நாலு ஆறுல ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ரெண்டு ஆர்டர் போட்டா ரெண்டு முழு ஜோடி ஆயிடுமே?”

இந்தக் குடும்பத்தில் சந்தேகம் அண்ணனோடு நின்றுவிடவில்லை என்பதில் லிஃப்ட்காரருக்குப் பெருமையாக இருந்தது. “ஆமா, போடுவான். என்ன பண்ணலாம்?”

“ஒரே முகவரியில அப்படி வந்தா ஒண்ணைச் சிவப்பாவும் ஒண்ணைப் பச்சையாவும் தைச்சு அனுப்பறேன். போட்டுட்டு நடக்கட்டும்.” அவள் சிரித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. “சரி, மாத்தியாச்சு. ஒரு தடவை நீ போட்டுப்... வேணாம், வேணாம்! நீ மட்டும் போட்டுப் பாக்காத. அண்ணிய விட்டுப் பாக்கச் சொல்லு, அவங்க போன்ல.”

மனைவி தன் போனில் பார்த்தார். ஆறும் ஆறும் போட்டால் முழு விலை. ஆறும் நாலும் போட்டால் பாதி. தட்டுவதற்குப் பெட்டியே இல்லை.

அதற்குள் லிஃப்ட்காரர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பர்ஸை நீக்கும் இடத்தை அமுக்கியிருந்தார். அது கடைசியாக ஒருமுறை வாயைத் திறந்தது. ‘நீங்கள் போனால் உங்கள் சேமிப்பு 43,612 அழிந்துவிடும். உறுதியாகத்தானா?’

அவர் கை தயங்கியது. நாலு வருட எண். மனைவி பின்னால் வந்து நின்று, பீரோவைத் திறந்து காட்டி, மறுபடி மூடினார். “எல்லாம் வச்சது வச்ச இடத்துல இருக்கு. அமுக்குங்க.”

அமுக்கினார். வீட்டில் எதுவும் குறையவில்லை.

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தங்கையின் குரல் வந்தது.

“அண்ணா, ஒரு ஆர்டர். இடது ஆறு, வலது நாலு. பெரியவங்க ஷூ.”

“நாற்பது வீட்ல ஒண்ணா?”

“இல்ல, புது ஆள். முகவரி ஏதோ ஆபீஸ். நாலாவது மாடி, மறதித் துறைன்னு போட்டிருக்கு. அப்படி ஒரு துறை இருக்காண்ணா?”

“இருக்கு.”

“குறிப்புல எழுதியிருக்காங்க. ‘எங்க பர்ஸ் பதினோரு விநாடி தேடுச்சு. இதைவிட நல்ல விலை கிடையாதாம்.’” தங்கை அதை இரண்டு தடவை படித்தாள். “என்னண்ணா இது, கிண்டலா?”

லிஃப்ட்காரர் அந்த வாக்கியத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். இயந்திரம் முதல்முறையாக உண்மையைச் சொல்லியிருந்தது. தான் சொன்னது உண்மை என்று தெரிந்துகொள்ள அதற்கு வழியில்லை.

“கிண்டல் இல்லம்மா. தோல்காரர்கிட்ட எப்பவும் போல வேணும்னு சொல்லிடு” என்றார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, “பணம் வந்து சேர்ந்துச்சான்னு பாத்தியா?” என்று கேட்டார்.